முழு வேகத்தில் மட்டும் செத்துப்போகும் இடது கால்: படுக்கவைத்து எடுத்த எல்லா டெஸ்டும் நார்மல்

#1 ஏற்றப்பாதை

வணக்கம். இங்கே பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது குறைவு. ஒன்றரை வருடமாக அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன்.

வயது 34. ஒன்பது வருடமாக ரோடு பைக் (சாலைப் பந்தய சைக்கிள்), வாரத்துக்கு 12 முதல் 15 மணி நேரம். புகை, மது கிடையாது. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் அளவோடு.

பிரச்சினை இடது காலில். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் இல்லை, நாலு மணி நேரம் ஓட்டினாலும் இல்லை. ஏற்றத்தில் மிதிக்கும் சக்தி 270 வாட்ஸைத் தாண்டி ஐந்தாறு நிமிடம் அழுத்தினால் முதலில் தொடை கனக்கும். பிறகு உள்ளே வீங்குவது போல, மேலே பட்டை போட்டு இறுக்கியது போல ஆகும். கடைசியில் பாதம் மரத்துப்போய், அந்தக் கால் என்னுடையது இல்லை என்கிற மாதிரி இருக்கும். வலது கால் மட்டும் மிதிக்கும். இறங்கி நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் சுத்தமாகச் சரியாகிவிடும். டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது காட்ட என்னிடம் எதுவும் இருப்பதில்லை.

இதுவரை செய்தவை: முதுகு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். அதற்காக எட்டு மாதம் பிசியோ. பைக் ஃபிட்டிங் இரண்டு முறை. ஷூவுக்குள் இன்சோல். கடைசியாக ரத்த ஓட்டம் பார்க்க கால் டாப்ளர் என்ற ஒலியலை ஸ்கேன், படுக்கவைத்து எடுத்தார்கள்: "இரு கால்களிலும் இயல்பான ஓட்டம்". நான் பார்த்த ஒருவர், அதிகப் பயிற்சியால் வந்த சோர்வு, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு காலும் மிதிக்கும் சக்தியைத் தனித்தனியாக அளக்கும் பவர் மீட்டர் இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் இடது 50, வலது 50. அந்த வலி வரும்போது இடது 43, வலது 57. இது என் மனதில் இருப்பது இல்லை என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே சாட்சி இந்த எண்தான்.

யாருக்காவது இப்படி இருந்ததா?

#2 நெடுந்தூரன்

சகோ, எனக்கும் இதே மாதிரி இருந்தது. கடைசியில் முதுகுதான். நரம்பு அழுந்தினால் தொடை, பாதம் எல்லாம் மரத்துப்போகும். எட்டு மாத பிசியோ போதாமல் இருக்கலாம். இன்னொரு நல்ல பிசியோவைப் பாருங்கள். டிஸ்க் பிதுக்கம் ஸ்கேனிலேயே தெரிகிறது என்றால் வேறு எங்கே தேடுவது?

#3 டாப்ளர்_அறை

நெடுந்தூரன் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் இந்தக் கதை நரம்பின் கதை மாதிரி இல்லை. நான் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பராகப் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முப்பது நாற்பது வயதுக்காரர்களில் எந்த வலியும் இல்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். அது கண்ணில் பட்டதாலேயே குற்றவாளி ஆகிவிடாது. நரம்பு வலி உட்கார்ந்தால், குனிந்தால், இருமினால் மாறும். உழைப்பின் அளவைப் பார்த்து வராது. இவருக்கு 270 வாட்ஸில் வருகிறது, நிறுத்தினால் மூன்று நிமிடத்தில் போகிறது. இப்படி உழைப்புக்குக் கணக்காக வந்து, ஓய்வுக்குக் கணக்காகப் போவது ரத்த ஓட்டத்தின் குணம்.

படுக்கவைத்து எடுத்தால் ஏன் நார்மல் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பெரும்பாலானவர்கள் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ஓய்வில் ஒரு காலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தம்கூடப் போகாது. முழு வேகத்தில் மிதிக்கும்போது அதே குழாய் வழியாகப் பல லிட்டர் போக வேண்டும். வழியில் குழாய் கொஞ்சம் சுருங்கியிருந்தாலோ மடங்கியிருந்தாலோ, அரை லிட்டர் போகும்போது அழுத்தம் குறையவே குறையாது. ஓட்டம் பத்து மடங்கு ஆகும்போது அதே சுருக்கத்தில் அழுத்தம் சரிந்துவிடும். காலி சாலையில் ஒரு வழி அடைபட்டிருப்பது யாருக்கும் தெரியாது, கூட்ட நேரத்தில்தான் தெரியும்.

ஆகவே உங்கள் ரிப்போர்ட் பொய் இல்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது: வெளி இலியாக் தமனி எண்டோஃபைப்ரோசிஸ். வயிற்றிலிருந்து இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கும் பெரிய குழாயின் உள்சுவரில் நார்த்திசு படிந்து தடித்துப்போவது. வயதானவர்களுக்கு வரும் கொழுப்புப் படிவு இல்லை, சுண்ணாம்பும் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் புகைக்காத, கொழுப்பு இல்லாத, இளமையான ஆளைப் பார்த்ததும் ரத்தக்குழாயை யாரும் சந்தேகிப்பதில்லை. உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. இதை ஒதுக்கிவிடும்படியாக எந்த டெஸ்டும் இன்னும் நடக்கவில்லை என்கிறேன்.

#4 பழைய_சங்கிலி

தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சதும் கை நடுங்கிடுச்சு. வார்த்தைக்கு வார்த்தை என் கதை. எனக்கு அது கண்டுபிடிக்க நாலு வருஷம் ஆச்சு. இடது கால்தான் எனக்கும்.

முதல் வருஷம் தசைப்பிடிப்புன்னாங்க. இரண்டாவது வருஷம் முதுகு. மூணாவது வருஷம் சீட் உயரம். அந்த மூணு வருஷத்துல எத்தனை பேர் என்கிட்ட "உனக்கு வயசாகுது, ஏத்துக்கோ"ன்னு சொன்னாங்க தெரியுமா. எனக்கு அப்போ 31. நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன். ரேஸ்ல மத்தவங்க மூச்சு வாங்கும்போது நான் சாதாரணமா பேசிட்டு இருப்பேன், ஆனா கால் வராது. நுரையீரல் இருக்கு, இதயம் இருக்கு, கால் மட்டும் இல்லை. அந்த வேதனை பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

கண்டுபிடிச்சது ஒரு விளையாட்டு மருத்துவர். அவர் கேட்ட ஒரே கேள்வி: "வலி வந்த உடனே, இறங்கின உடனே யாராவது உங்க கணுக்கால்ல ரத்த அழுத்தம் பார்த்திருக்காங்களா?" யாரும் பார்த்ததில்லை. என் சொந்த பைக்கையே உள்ளே கொண்டுவரச் சொல்லி, நின்ன இடத்துலயே மிதிக்கிற டிரெய்னர் ஸ்டாண்டுல மாட்டி, முடியாதுன்னு நான் சொல்ற வரைக்கும் ஓட்டவிட்டார். இறங்கின ஒரு நிமிஷத்துக்குள்ள இரண்டு கணுக்கால்லயும் கையிலயும் ஒரே நேரத்துல எடுத்தாங்க. இடது கணுக்கால்ல நாடியே கிடைக்கலை. வலதுல கிடைச்சது. அந்த ரூம்ல நான் அழுதுட்டேன். நோய் இருக்குன்னு தெரிஞ்சு சந்தோஷத்துல அழுத ஆள் நான்.

தம்பி, அந்த டெஸ்டை வாங்குங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

#5 ஏற்றப்பாதை

அண்ணா, இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. அது நடக்கும்போது நீங்கள் பைக்கில் குனிந்திருந்தீர்களா, நிமிர்ந்திருந்தீர்களா? எனக்கு ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்தால் சீக்கிரம் வருகிறது. நிமிர்ந்து மேலே பிடித்தால் கொஞ்சம் தள்ளிப்போகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, முக்கியம் என்று தோன்றவில்லை.

#6 டாப்ளர்_அறை

மிக முக்கியம். சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

அந்தக் குழாய் இடுப்புக்குள் சோவாஸ் என்ற தசையின் மேலேயே ஒட்டி ஓடுகிறது. தொடையைத் தூக்குவது அந்தத் தசையின் வேலை. நீங்கள் குனிந்து மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பு மடங்குகிறது, குழாயும் மடங்குகிறது. பலருக்கு அந்தக் குழாயிலிருந்து தசைக்குப் போகும் சின்னக் கிளை ஒன்று ஆணி அடித்தது போல அதை ஒரே இடத்தில் பிடித்துவைத்திருக்கும். நகர முடியாமல் அங்கேயே மடங்கி மடங்கி, அதிவேக ரத்தம் அதே வளைவில் மோதி மோதி, உள்சுவர் தடிக்கிறது. சிலருக்குக் குழாயே தேவைக்கு மேல் நீளமாகி நெளிந்திருக்கும்.

எண்ணிக்கையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 சுற்று, வாரம் 15 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 81,000 மடிப்பு. வருடத்தில் 48 வாரம் ஓட்டினால் கிட்டத்தட்ட 39 லட்சம். ஒன்பது வருடத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

1980களின் நடுவில் பிரெஞ்சு பேசும் பகுதிகளின் அறுவை மருத்துவர்கள்தான் பந்தய சைக்கிள்காரர்களிடம் இதை முதலில் விவரித்தார்கள். பிறகு நெதர்லாந்தின் ஃபெல்ட்ஹோவன் நகரில் ஹோஃப் ஸ்கெப் என்ற விளையாட்டு மருத்துவரின் குழு இதையே முழுமூச்சாக ஆராய்ந்தது. உயர்நிலைப் பந்தய வீரர்களில் ஐந்தில் ஒருவருக்குக் காலுக்கான ஓட்டத்தில் ஏதோ ஒரு தடை வரலாம் என்ற கணிப்பு அங்கிருந்து வந்ததுதான். சைக்கிள் மட்டும் இல்லை: வேகச் சறுக்கு வீரர்கள், டிரையத்லான்காரர்கள், துடுப்பு வலிப்பவர்கள், ஓட்டக்காரர்கள் என்று இடுப்பை மடக்கி நீண்ட நேரம் உழைக்கும் எவருக்கும் வரலாம்.

#7 நெடுந்தூரன்

நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு வந்த வலி உட்கார்ந்திருந்தாலும் வரும், ராத்திரியும் வரும். ஏற்றப்பாதை சொல்வது அப்படி இல்லை. அவசரப்பட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும்: நடக்கவைத்துப் பார்க்கும் டிரெட்மில் டெஸ்ட் எல்லா இடத்திலும் இருக்கிறதே, அது போதாதா?

#8 டாப்ளர்_அறை

போதாது. அது வயதானவர்களின் கால் அடைப்புக்காக வடிவமைத்த டெஸ்ட், நடைவேகம்தான். இவரை அதில் ஒரு மணி நேரம் நடக்கவிட்டாலும் எதுவும் வராது. அவருக்கு எந்த வேலையில் வலி வருகிறதோ அந்த வேலையை, வலி வரும் அளவுக்குச் செய்ய வேண்டும். சைக்கிள்காரருக்கு சைக்கிள், ஓட்டக்காரருக்கு ஓட்டம்.

இன்னொரு சிக்கல், இதில் மருத்துவமனை ஆட்களே தடுமாறுவார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதத்தை ஏ.பி.ஐ. என்போம். ஓய்வில் 0.9க்குக் கீழே என்றால் நோய் என்பது பழகிய கணக்கு. முழு உழைப்புக்குப் பிறகு அந்தக் கணக்கு செல்லாது. ஆரோக்கியமான ஆளுக்கே அப்போது கை அழுத்தம் 180, 200 என்று ஏறியிருக்கும், கால் தசைகளில் குழாய்கள் விரிந்து கணுக்கால் அழுத்தம் இறங்கியிருக்கும். அதனால் எல்லோருக்குமே விகிதம் குறையும். எண்டோஃபைப்ரோசிஸைத் தேடும்போது உழைப்பு முடிந்த முதல் நிமிடத்தில் 0.66 என்பதை எல்லைக்கோடாக எடுப்பது வழக்கம். அதோடு இரண்டு கால்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும், எத்தனை நிமிடத்தில் மீள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் நிமிடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நோயாளி இறங்கி, ஷூ கழற்றி, படுத்து, ரத்த அழுத்தப் பட்டை கட்டி முடிப்பதற்குள் நாலு நிமிடம் ஓடிவிட்டால் டெஸ்ட் வீண். பட்டைகளை முன்னாலேயே கட்டிவைத்து, ஆளுக்கொரு காலாக இரண்டு பேர் நிற்க வேண்டும். எங்கள் அறையிலேயே ஆரம்பத்தில் இதைத் தவறாகச் செய்திருக்கிறோம். அப்போது நார்மல் என்று எழுதி அனுப்பியவர்களை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

#9 கெண்டைக்கால்

ஓட்டக்காரியாக ஒரு வார்த்தை. இதே இழையைத் தேடி ஓட்டக்காரர்களும் வருவார்கள், அவர்களுக்கு இடம் வேறு.

எனக்கு வலி கெண்டையில். முதலில் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்றார்கள். தசையைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காமல் உள்ளே அழுத்தம் ஏறும் நோய் அது. ஊசி குத்தி அழுத்தம் பார்த்தார்கள்: ஓடுவதற்கு முன் 15, ஓடி ஒரு நிமிடத்தில் 30, ஐந்து நிமிடத்தில் 20 மி.மீ. பாதரசம், இதில் ஒன்றையாவது எட்டினால் நோய் என்பது கணக்கு. எனக்கு ஒரு நிமிடத்தில் 29. எல்லைக்கு ஒட்டிய எண். அதை வைத்து உறையைக் கிழிக்கும் ஆபரேஷன் செய்துவிட்டார்கள். எனக்கு எதுவும் மாறவில்லை. ஒரு வருடம் போனது.

உண்மையில் இருந்தது முழங்காலுக்குப் பின்னால். பாப்லிட்டியல் தமனி அந்தக் குழி வழியாக இறங்கும்போது கெண்டைத் தசையால் நெரிபடும் நோய். 1879இலேயே எடின்பரோவில் ஒரு மருத்துவ மாணவர், வெட்டி எடுத்த ஒரு காலை அறுத்துப் படிக்கும்போது குழாய் தசையைச் சுற்றிக்கொண்டு தவறான வழியில் போவதைக் கண்டு எழுதிவைத்தார். முதல் ஆபரேஷன் 1959இல் லைடன் நகரில் ஒரு 12 வயதுப் பையனுக்கு நடந்தது. இவ்வளவு பழைய விஷயம், என்னைப் பார்த்த முதல் நாலு பேருக்குத் தோன்றவில்லை.

நான் கவனித்த வித்தியாசங்கள், என் அனுபவத்தில்: கம்பார்ட்மென்ட் வலி ஓடி நிறுத்திய பிறகும் கால் மணி, அரை மணி இழுக்கும், தசை கல்லாக இறுகும். குழாய் நெரிசல் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும், பாதம் குளிர்ந்து வெளுக்கும். கணைக்கால் எலும்பின் ஓரமாக விரலால் அழுத்தினால் உயிர் போகிறது என்றால் அது எலும்புறை வலி, இரண்டும் இல்லை. ஆனால் இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும். எனக்கு அந்த 29 பொய்யான எண் இல்லை, அதுவும் கொஞ்சம் இருந்தது.

#10 டாப்ளர்_அறை

கெண்டைக்கால் அக்கா எழுதியதோடு ஒரு எச்சரிக்கை. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லி ஸ்கேன் பார்த்தால் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் அந்தக் குழாய் நெரிந்து ஓட்டம் நிற்கும். படத்தில் நெரிசல் தெரிந்தால் மட்டும் போதாது. வலியும் அதோடு பொருந்த வேண்டும், மற்ற காரணங்களும் விலக வேண்டும். அவசரப்பட்டுக் கத்தி வைக்கக் கூடாது. நீங்கள் ஒருமுறை அனுபவித்துவிட்டீர்கள்.

#11 மூன்றாம்_கியர்

எல்லோரும் இவ்வளவு யோசிக்கிறீர்கள். அடைப்பு என்று தெரிந்தால் ஸ்டென்ட் வைத்துவிட்டால் முடிந்ததே? என் அப்பாவுக்குக் காலில் வைத்தார்கள், மறுநாளே நடந்தார். வயிற்றைத் திறக்காமல் சின்ன ஓட்டை வழியாக முடிந்துவிடும். ஏன் பெரிய ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும்?

#12 பழைய_சங்கிலி

தம்பி, உங்க அப்பா நல்லா இருக்கட்டும். ஆனா அவருக்கு வந்தது வேற, இது வேற. என்கிட்டயும் முதல்ல ஸ்டென்ட் பத்திதான் பேசினாங்க. ரெண்டாவது கருத்து கேட்டது என் வாழ்க்கையில செஞ்ச நல்ல காரியம்.

பலூன் விட்டு விரிச்சா, கொழுப்புப் படிவு நசுங்கி ஒதுங்கும். நார்த்திசு ரப்பர் மாதிரி, விட்டதும் திரும்பி வரும். ஸ்டென்ட் உலோக வலை. அதை இடுப்பு மடங்குற இடத்துல வெச்சு, நாம வருஷத்துக்கு நாப்பது லட்சம் தடவை மடக்கினா என்ன ஆகும்? உடையும், மறுபடி அடைக்கும், குழாய்ச் சுவரையே கிழிக்கலாம். மடங்குறதால வந்த நோய்க்கு, மடங்கக் கூடாத பொருளை உள்ளே வெக்கிறாங்க. இந்த நோயைப் பார்த்துப் பழகின மருத்துவர்கள் விளையாட்டைத் தொடர நினைக்கிறவங்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறதில்லை.

எனக்குப் பண்ணினது: கவட்டைக்கு மேலே திறந்து, குழாயைப் பிடிச்சுவெச்சிருந்த கிளையை வெட்டி விடுவிச்சாங்க. தடிச்ச உள்சுவரை உரிச்சு எடுத்தாங்க. அந்த இடம் குறுகாம இருக்க, என் கால்ல இருந்தே எடுத்த சிரையால ஒட்டுப் போட்டாங்க. சிலருக்கு நீளமான குழாயை வெட்டிச் சுருக்கித் தைப்பாங்க. தடிப்பு இல்லாம வெறும் மடிப்பு மட்டும் இருந்தா விடுவிக்கிறதோட முடிச்சுக்குவாங்க. ஆறு வாரம் வெறும் நடை. மூணாவது மாசம்தான் உண்மையான பயிற்சி. தழும்பு பக்கத்துல தொடை மேல்தோல் இன்னும் கொஞ்சம் மரத்தேதான் இருக்கு. அதோட வாழ்ந்துட்டு இருக்கேன்.

இது சின்ன ஆபரேஷன் இல்லைங்கிறதையும் மறைக்க மாட்டேன். தென்னாப்பிரிக்க வீரர் ரையன் காக்ஸ் 2007ல காலுக்குப் போற ரத்தக்குழாயில ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, சில வாரத்துல அந்தக் குழாய் வெடிச்சு இறந்துபோனார். 28 வயசு. அபூர்வம்தான். ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும். எத்தனை பேருக்கு இதே ஆபரேஷன் பண்ணியிருக்கீங்கன்னு மருத்துவர்கிட்ட நேரா கேக்கணும். நல்ல மருத்துவர் கோவிச்சுக்க மாட்டார்.

#13 மூன்றாம்_கியர்

தெரியாமல் எழுதிவிட்டேன் அண்ணா. விளக்கியதற்கு நன்றி. இந்த வித்தியாசத்தை யாரும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை.

#14 எதிர்க்காற்று

ஏற்றப்பாதை, பயமுறுத்தும் கதைகளுக்கு நடுவே இதையும் படியுங்கள்.

பிரான்ஸின் பாலின் ஃபெரான்-பிரெவோ 2014, 2015இல் ரோடு, சைக்ளோகிராஸ், மலைச் சைக்கிள் என மூன்றிலும் உலகப் பட்டம் வைத்திருந்தவர். அதன் பிறகு வருடக்கணக்கில் இடது கால் ஒத்துழைக்கவில்லை. எண்டோஃபைப்ரோசிஸ் என்று தெரிந்து 2019 தொடக்கத்தில் ஆபரேஷன். மறுபடி தொந்தரவு வந்து ஒரு வருடத்துக்குள் இரண்டாவது ஆபரேஷன். அதற்குப் பிறகு 2020, 2022, 2023இல் மலைச் சைக்கிள் உலகப் பட்டம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம், 2025இல் பெண்கள் டூர் டி பிரான்ஸ். நெதர்லாந்தின் மரியான் வோஸ் 2023இல் இலியாக் தமனி ஆபரேஷன் செய்துகொண்டு, அடுத்த வருடம் பாரிஸில் ரோடு ரேஸ் வெள்ளி வாங்கினார். அப்போது அவருக்கு 37 வயது. ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் ஓ'கிரேடிக்கு 2002இல் ஆபரேஷன், 2007இல் பாரிஸ்-ரூபே என்ற ஒருநாள் பந்தயத்தில் வெற்றி.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஃபெரான்-பிரெவோவுக்கே ஒன்று போதவில்லை. இத்தாலியின் ஃபாபியோ ஆரு 2019இல் ஆபரேஷன் செய்துகொண்டார், பழைய உயரத்தை மறுபடி தொடவில்லை. அவருக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுதி: கால் வரவில்லை என்று சொல்லும் வீரரை, குறிப்பாகப் பெண்ணை, "மன உறுதி போதவில்லை" என்று அனுப்புவது கொடுமை. என் தோழிக்கு அப்படித்தான் நடந்தது. டீம் மாறி, பயிற்சியாளர் மாறி, எடை குறை என்று சொல்லி, கடைசியில் விளையாட்டையே விட்டாள். விட்டு மூன்று வருடம் கழித்துத்தான் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. அவள் அன்று அழுதது தோற்றதற்காக இல்லை. தான் சொன்னது உண்மை என்று தனக்கே நம்பிக்கை போயிருந்ததற்காக.

#15 ஏற்றப்பாதை

பதினோரு வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், அந்த டெஸ்டைச் செய்யும் இடத்தைத் தேடவே அவ்வளவு நாளாகிவிட்டது.

என் பைக்கைக் கொண்டுபோனேன். கீழ்ப்பிடியிலேயே ஓட்டச் சொன்னார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சுமையை ஏற்றினார்கள். 280இல் தொடை கனத்தது, 300இல் பாதம் மரத்தது. "இன்னும் முடியுமா" என்றார்கள். ஒன்றரை வருடமாக யாரும் பார்க்காத வலியை நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எப்படி நிறுத்துவேன்? முடியாத வரைக்கும் ஓட்டினேன்.

ஓய்வில் இரண்டு காலிலும் ஏ.பி.ஐ. 1.1க்கு மேல். இறங்கிய முதல் நிமிடத்தில் கை 188, வலது கணுக்கால் 158, இடது கணுக்கால் 92. அதாவது வலது 0.84, இடது 0.49. ஐந்தாவது நிமிடத்தில் இடது 0.78. பத்தாவது நிமிடத்தில் இரண்டும் சமம்.

பிறகு இடுப்பை மடக்கவைத்து டாப்ளர், அதே நிலையில் எம்.ஆர். ஆஞ்சியோ (ரத்தக்குழாயைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ.). இடது வெளி இலியாக்கில் சுவர் தடிப்பு, மடக்கினால் ஒரு நெளிவு. வலது சுத்தம்.

பழைய_சங்கிலி அண்ணா, நீங்கள் அழுதது எனக்குப் புரிகிறது. நான் வண்டி நிறுத்தும் இடம் வரை தாங்கினேன், அதற்கு மேல் முடியவில்லை.

இப்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மருத்துவர் இரண்டு வழியும் சொல்லி முடிவை என்னிடம் விட்டார். இது தானாகக் கரையாது, ஆனால் போட்டி வேகத்தை விட்டால் நடக்க, மெதுவாக ஓட்ட எந்தத் தொந்தரவும் இருக்காது என்றார். ஆபரேஷன் வேண்டுமானால் அவசரம் இல்லை என்றார். சைக்கிள் என் பிழைப்பு இல்லை, ஆனால் உயிர். ஹேண்டில்பாரை நாலு சென்டிமீட்டர் உயர்த்தி, குட்டையான கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) போட்டு, பெடலை மேலே இழுக்கும் பழக்கத்தை விட்டு ஆறு மாதம் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

#16 பழைய_சங்கிலி

சரியான முடிவுதான், தம்பி. ஒண்ணு மட்டும் அண்ணனா சொல்றேன். அந்த ஆறு மாசத்துல 300 வாட்ஸ்ல வலி வருதான்னு வாரா வாரம் சோதிச்சுப் பாக்காதீங்க. நான் அப்படித்தான் பண்ணேன். வலியைத் தாண்டி அழுத்தறது வீரம்னு பழகிட்டோம். தடிச்ச குழாய்ல அது வீரம் இல்லை. உள்சுவர் கிழிஞ்சு ரத்தம் உறைஞ்சு மொத்தமா அடைச்சுக்கிட்டவங்க இருக்காங்க.

#17 டாப்ளர்_அறை

இதை வழிமொழிகிறேன். நிறுத்திய பிறகும் வலி போகாமல் கால் சில்லிட்டு, வெளுத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் காத்திருக்கவே கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முழுதாக அடைபட்ட காலுக்குச் சில மணி நேரம்தான் அவகாசம். இது அபூர்வம், ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

குட்டை கிராங்க் நல்ல யோசனை. மேல்சுற்றில் தொடை வயிற்றுக்கு அவ்வளவு அருகே வராது, மடிப்பின் கோணம் குறையும்.

#18 ஏற்றப்பாதை

ஐந்து மாத நிலவரம். நிமிர்ந்த நிலையில் 295 வரை கால் சுத்தமாக இருக்கிறது, முன்பு 270. அதற்கு மேல் போவதில்லை. அண்ணா சொன்னபடி சோதித்துப் பார்க்கவில்லை, ஒரே ஒரு நாள் தவறிப்போனேன், வலி தலைகாட்டியதும் விட்டுவிட்டேன். பவர் மீட்டர் 49–51. அடுத்த மாதம் மறுபடி அதே டெஸ்ட். எண்கள் இறங்கியிருந்தால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவேன், அதற்கும் மனது தயாராகிவிட்டது. இப்போது அந்தக் காலைப் பார்த்துக் கோபம் வருவதில்லை.

#19 புதுச்சக்கரம்

இந்த இழையை முழுதாகப் படித்தேன். எனக்கு வலது கால், கிட்டத்தட்ட இதே மாதிரி. டாக்டரிடம் "உழைப்புக்குப் பிறகு அழுத்தம் பாருங்கள்" என்றால் இணையத்தில் படித்துவிட்டு வந்தவன் என்று நினைக்கிறார். நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் அண்ணா?

#20 ஏற்றப்பாதை

நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். நானும் முதலில் பெயரைச் சொல்லித்தான் கெடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு அரைத்தாளில் இதை எழுதிக் கொடுத்தேன், அவர் இரண்டு முறை படித்துவிட்டுப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். உங்கள் எண்களைப் போட்டு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"வலி இடது தொடையிலும் பாதத்திலும் மட்டும். 270 வாட்ஸுக்கு மேல் ஐந்து நிமிடம் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் வருகிறது. அதற்குக் கீழே ஒருமுறைகூட வந்ததில்லை. நிறுத்தினால் மூன்று நிமிடத்துக்குள் போகிறது. குனிந்து ஓட்டினால் சீக்கிரம் வருகிறது. வலி வரும்போது இடது காலின் பங்கு 50இலிருந்து 43க்கு இறங்குகிறது, பதிவு இணைத்திருக்கிறேன். இதுவரை எடுத்த எல்லா டெஸ்டும் ஓய்வில் எடுத்தவை. வலி இருக்கும்போது, நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள், இரண்டு கணுக்கால்களிலும் கையிலும் ஒரே நேரத்தில் ரத்த அழுத்தம் பார்க்க முடியுமா?"